கையில் புதைந்த தங்கூசி

என் முன்பல் ஒன்று பொய்ப்பல். உண்மையான பல்லை உடைத்தவன் ஒரு கடற்றொழிலாளி. அவனுடைய தம்பியின் கையைக் காப்பாற்ற நான் கத்தரிக்கோல் எடுத்தபோது முழங்கையால் என் வாயில் இடித்தான். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதிதான் அவனுக்கு.

தீவகத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதி. புளியங்கூடலிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். எங்களுக்கு ஒரே டொக்டர். இன்னொரு தீவின் ஆஸ்பத்திரியையும் அவர்தான் பார்க்க வேண்டும். அவர் சொல்லாமல் நோயாளியை வெளியே அனுப்பக்கூடாது. அனுப்பினாலும் நேரே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பக்கூடாது, இடையில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கேயும் சத்திரசிகிச்சை செய்ய ஆளில்லை. அவர்கள் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள். இதற்குப் பெயர் ஒழுங்கு. அதைப் போட்டவன் ஒருநாளும் வலியில் கிடந்திருக்கமாட்டான்.

அன்று காலை அந்தத் தம்பிக்காரனை வள்ளத்திலிருந்து தூக்கி ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வலையில் பட்ட திருக்கை வாலால் அடித்து, முள் முன்கையில் ஏறியிருந்தது. தமையன் கடலிலேயே முள்ளைப் பிடுங்கிவிட்டான். முள்ளோடு சதையும் வந்துவிட்டது. தம்பிக்காரன் போட்ட கூச்சலில் கிளினிக்குக்கு வந்திருந்த கர்ப்பிணிகள் எழுந்து வெளியே போனார்கள். மருந்துத் தட்டத்தை உதைத்தான். பிடிக்கப் போன எங்கள் உதவியாள், அற்றன்டன் அண்ணையின் தோளைக் கடித்தான்.

"விடாமல் பிடியுங்கோ அண்ணை!"

"நான் எங்கை பிடிக்கிறது மிஸி? இவன்தான் என்னைப் பல்லாலை பிடிச்சிருக்கிறான்!"

கையைச் சுடுதண்ணீரில் வைத்தோம். டொக்டர் போனில் சொன்ன ஊசியைப் போட்டேன். அடங்கவில்லை. மேற்கையில் சாரத்தைக் கிழித்த துண்டு ஒன்று கட்டியிருந்தது. அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகும் விரல்கள் நீலமாகிக்கொண்டே போயின.

"வேறை ஏதும் கட்டினனீங்களோ?" என்று தமையனைக் கேட்டேன்.

"இல்லை மிஸி. சாரத்துண்டு மட்டும்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"கட்டினது நான். எனக்குத் தெரியாதோ? டொக்டர் எங்கை? டொக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு என்னத்துக்குப் போர்டு?"

டொக்டருக்கு மறுபடி எடுத்தேன். கிடைக்கவில்லை. மற்றத் தீவில் கேட்டேன், அவர் வள்ளத்தில் ஏறிவிட்டார், நடுக்கடலில் சிக்னல் இல்லை. அம்புலன்சுக்கு எடுத்தேன்.

"டொக்டர் ஓம் எண்டவரோ?"

"டொக்டர் கடலிலை நிக்கிறார்."

"அப்ப கரைக்கு வந்தாப்போலை எடுங்கோ."

"அதுக்குள்ளை கை செத்துப்போயிடும்."

"நான் என்ன மிஸி செய்ய? கேக்காமல் வெளிக்கிட்டால் என்ரை வேலை போயிடும்."

போனை மேசையில் அடித்து வைத்தேன். தம்பிக்காரனின் கையைத் தோளிலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தேன். முழங்கைக்கு மேலே சதை இரண்டு பக்கமும் வீங்கி ஒரு பள்ளம் இருந்தது. விரலை உள்ளே விட்டேன். நகத்தில் கம்பிபோல ஏதோ தட்டியது. தங்கூசி. கண்ணுக்கே தெரியாத அந்த நைலோன் நூலால் வலை கட்டக்கூடாதென்று தடை. இவர்களின் வலை அதில்தான். இரத்தம் நிற்கவும் விஷம் ஏறாமல் இருக்கவும் தமையன் வலையிலிருந்தே அறுத்து இறுக்கிக் கட்டி, பிடிபடாமல் இருக்க மேலே துணியைச் சுற்றியிருக்கிறான்.

"தங்கூசி!" என்று கத்திவிட்டேன்.

தமையன் வாசலைப் பார்த்தான். ஏதோ அடிதடிக் கேஸுக்கு வந்த பொலிஸ்காரன் அங்கே கதிரையில் இருந்தான்.

"மெல்லக் கதையும் மிஸி. வலையையும் வள்ளத்தையும் கொண்டுபோயிடுவாங்கள்."

"கை போனால் வள்ளம் என்னத்துக்கு?"

"வெட்டாதையும்! வெட்டினால் விஷம் நெஞ்சுக்கு ஏறிடும். டொக்டர் வரட்டும்."

கத்தரிக்கோலை எடுத்தேன். அப்போதுதான் இடித்தான். வாய் நிறைய இரத்தம். பல்லைத் தரையில் துப்பினேன். அற்றன்டன் அண்ணை சேலைன் தாங்கியின் கம்பியைக் குறுக்கே பிடித்து அவனைச் சுவரோடு நெரித்தார். பொலிஸ்காரன் ஓடிவந்து கன்னத்தில் இரண்டு போட்டான். கத்தரிக்கோல் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. சவரப் பிளேட் மாதிரியான மருத்துவக் கத்தியால் சதையைக் கீறினேன். தம்பிக்காரன் என் வயிற்றில் உதைத்தான். நான் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு மறுபடி கீறினேன். நூல் அறுந்தது. இரத்தம் என் முகத்தில் அடித்தது. காயத்தைப் பொத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று விரல்களில் நிறம் திரும்பியது. மற்ற இரண்டிலும் திரும்பவில்லை.

டொக்டர் வந்து அனுப்பினார். ஒழுங்குப்படி இடையில் உள்ள ஆஸ்பத்திரியில் இறக்கி, ஏற்றி, யாழ்ப்பாணம் போக மத்தியானம் கழிந்துவிட்டது. அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார்.

"நரம்பு வெட்டுப்பட்டிருந்தால் ஆர் பொறுப்பு?"

"நான்தான் சேர்."

"டொக்டர் வருமட்டும் பொறுத்திருக்கலாமே?"

"நான் பொறுப்பன். கை பொறுக்காது."

முகம் சுளித்தார். அம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொலிஸில் பல்லுக்கு முறைப்பாடு கொடுத்தேன். தமையனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வைக்கட்டும். கையில் கட்டியிருந்தது என்ன நூல் என்றும் கேட்டார்கள். "நான் மிஸி. நூல் விக்கிறவள் இல்லை" என்றேன்.

தம்பிக்காரன் மருந்து கட்ட வந்துகொண்டிருந்தான். காயம் ஆறிய பிறகு ஒருநாள் பன்டேஜ் துணியின் ஒரு நுனியை அவன் கையில் கொடுத்தேன்.

"பிடியும். நான் இழுக்கிறன். வலையெண்டு நினையும்."

மூன்று விரலால் பிடித்தான். இழுத்தேன். வழுகியது. மறுபடி சுற்றிப் பிடித்தான். இரண்டு கையாலும் இழுத்தேன். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது, விடவில்லை.

"விடாதையடா!" யன்னலுக்கு வெளியே, பிணையில் வந்த தமையன். உள்ளே வரப் பயம்.

"நீர் வாயை மூடும்!" என்று கத்தினேன்.

"இன்னும் இழுங்கோ மிஸி," என்றான் தம்பி.