சுகமாகிவிட்டவரின் விண்ணப்பம்

என் அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடும் றிஸ்மினாவுக்குப் பொய்யாக நொண்டுபவர்கள் மீது கோபமே வருவதில்லை. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் பிரதேச செயலகத்தில் உட்கார்ந்து, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கேட்டு வருபவர்களைப் பரிசோதித்து எழுதிக் கொடுக்கும் டொக்டர் அவள். நடிப்பவன் எந்தக் காலை இழுத்தோம் என்பதை வாசலிலேயே மறந்துவிடுவான். ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். அவளுக்குத் தலைவலி தருகிறவர்கள், இருக்கிற நோயை மறைப்பவர்கள்தான்.

மகளுக்குச் சம்பந்தம் பேசுவதால் வலிப்பைச் சொல்லாத ஓர் உம்மா. "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு, பேனை பிடிக்க முடியாமல் தவிக்கும் ஒரு கிழவர். "குறை இல்லாட்டி இங்க என்னத்துக்கு வந்தீங்க?" என்று கத்துவாள். கத்திவிட்டு மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்குவாள். கல்யாண வீட்டில்கூட அவளை நிம்மதியாகச் சோறு தின்ன விடமாட்டார்கள். யாராவது பக்கத்தில் வந்து முழங்காலைக் காட்டுவார்கள்.

மூன்று வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு வந்த எனக்கு, வீட்டில் பத்து நாள் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. செயலகத்தில் ராத்தாவுக்கு இலக்கம் கூப்பிடும் பிள்ளை லீவு என்றதும், அந்த வேலைக்கு நான் போனேன்.

பதினேழாம் இலக்கம் கிளைட்டன். நாற்பது வயது. கடலட்டை பிடிக்கச் சுழியோடி, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே பெரும்பாலும் உணர்விழந்தவர். நான்கு வருடமாக மனைவி அல்பொன்சா மீன் வெட்டித்தான் அடுப்பு எரிகிறது. வாசலில் நோயாளிகளுக்கான சக்கர நாற்காலி நின்றும் அதில் ஏறாமல், ஒரு பக்கம் அவளையும் மறுபக்கம் சுவரையும் பிடித்து வந்து கதிரையில் அமர்ந்தார்.

"நடக்க ஏலுமா?"

"ஏலும் மிஸ். ஆண்டவர் சுகமாக்கிட்டார்."

ராத்தாவின் பேனை நின்றது.

"போன மாசம் செபக்கூட்டத்துல எழும்பி நிண்டு சாட்சி சொல்லிட்டார் மிஸ்," என்றாள் அல்பொன்சா. "நிண்டது மெய்தான். பின்னால சாறனைப் பிடிச்சது நான். ஊரே கை தட்டிச்சு. இப்ப ஏலாது எண்டா ஆண்டவரைப் பொய்யாக்கினதாம்."

"கக்கூசுக்கு எப்படிப் போறீங்க?"

"நானாத்தான் போறன்."

"என்ட முதுகுல ஏறி," என்றாள் அவள்.

வெளியே வரிசையில் அடுத்ததாக அவருடைய ஊர்க்காரர் நால்வர் இருந்தார்கள். ஒருவர் கழுத்தை நீட்டி, "கிளைட்டன் அண்ணே, அதான் சுகமாச்சே! எங்களை ஏன் பிந்த வைக்கிறீங்க?" என்றார். சிரிப்பு எழுந்தது. கிளைட்டன் தரையைப் பார்த்தார்.

"கதவைச் சாத்து," என்றாள் ராத்தா என்னிடம். வெளியே இன்னும் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். "இங்க பாருங்க. உங்கட வாயாலயே ஏலும் எண்டா, காசு தாற மாவட்டக் கச்சேரியில இந்த ஃபோமை வெட்டி எறிவாங்க. உங்கட மனிசி இன்னும் எத்தனை வருசம் மீன் வெட்டுறது?"

ராத்தா நெற்றியைத் தேய்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்டுக்கு எப்படிப் போறீங்க?" என்றாள்.

கிளைட்டன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "குழாய் போட்டிருக்கு," என்றார்.

"எவ்வளவு காலமா?"

"கால் விழுந்த நாள் தொட்டு."

"அதைப் பத்தியும் சாட்சி சொன்னீங்களா?"

"சீ! கூட்டத்துல அதெல்லாம் சொல்லுவாங்களா மிஸ்?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ராத்தா, பல்லைக் கடித்தபடி.

குழாயைப் பரிசோதித்து எழுதினாள். கால்களுக்கான கட்டத்தில், 'குணமாகிவிட்டதாகச் சொல்கிறார். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை' என்று எழுதி வாசித்துக் காட்டினாள்.

"நீங்க சொன்னதும் இருக்கு, நான் கண்டதும் இருக்கு. நான் கண்டதுக்கு ஆண்டவர் உங்களைக் கேக்கமாட்டார். குழாய் ஒண்டே போதும், இது பாஸாகும்."

"இந்தப் பேப்பர் பங்குச் சாமிக்குப் போகுமா மிஸ்?"

"கச்சேரிக்குப் போகுது. சாமிக்கு ஏன் போகுது?"

கையெழுத்து வைத்தார்.

கதவைத் திறந்தேன். வாசலில் நின்ற சக்கர நாற்காலியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அல்பொன்சாவின் தோளைப் பிடித்து ஓர் அடி வைத்தார். நிறுத்தி, இன்னொன்று. நால்வரும் வேடிக்கை பார்த்தார்கள்.

ராத்தா எழுந்து வாசலுக்கு வந்தாள். "பதினெட்டிலயிருந்து இருபத்தொண்டு வரைக்கும், எல்லாரும் ஒண்டா உள்ள வாங்க!"

"எல்லாருமா மிஸ்?"

"ஓம். கெதியா வாங்க. நீ கதவைச் சாத்து."

சாத்திய கதவுக்கு வெளியே சக்கர நாற்காலி கிரீச்சிட, கழுத்தை நீட்டியவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"அங்க என்ன பார்வை? இங்க திரும்பி நாக்கை நீட்டுங்க."

"நான் கைக்கு வந்தன் மிஸ்."

"பரவாயில்ல, நீட்டுங்க."