பூனை டிரைவருக்கு ஓர் இடம்

கண்டக்டரம்மாவுக்கு மாநிலத்தின் பேருந்து நிலையங்கள் எல்லாம் அத்துப்படி. எந்த ஊரில் கழிப்பறைக்குக் கதவு உண்டு, எந்த ஊரில் டீ என்ற பெயரில் வெந்நீர் தருவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இப்போது இன்னொன்றும் தெரியும். குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் இடம் எந்த ஊரில், எந்தச் சந்தில் இருக்கிறது என்பது. வண்டி திரும்பும்வரை கிடைக்கும் ஓய்வில் மற்றவர்கள் கால் நீட்டிப் படுப்பார்கள். அவள் விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எல்லாம் புருஷனுக்காக. அதே பணிமனையில் டிரைவராக இருந்தவர்தான். தூங்குகிற குழந்தை முழிக்காமல் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றுவார் என்பதால் பூனை டிரைவர் என்று பெயர். இவள் விசில் ஊத, அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்க, அப்படித்தான் கல்யாணமே நடந்தது. பிறகு குடி வந்தது, வேலை போனது. அந்தக் கண்ணாடிச் சிரிப்புக்கு அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அந்த இருக்கையில் எவர் உட்கார்ந்தாலும் அவளுக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒருமுறை கொழுந்தனார்கள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய் ஓர் இடத்தில் சேர்த்தார்கள். மனிதர் சுவரேறிக் குதித்து, அவர்களுக்கு முன்னால் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் அவளே தேடக் கிளம்பினாள். ஓர் ஊரில் ஜன்னலுக்கு ஜன்னல் பூட்டு, உள்ளே யாரோ அடிவாங்கும் சத்தம். இன்னோர் ஊரில் வாசலில் நீரூற்று, டாக்டர் எங்கே என்றால் "வருவார், வருவார்" என்றார்கள். அரசு மருத்துவமனையில் அருமையான டாக்டர், படுக்கைதான் காலியில்லை. அவர் வழி சொன்ன இடம் மாநிலத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே மருந்தும் நர்ஸும் இருந்ததோடு, குடும்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். பொறுப்பாளர் அம்மா ஒன்றில் மட்டும் கறார்.

"இழுத்துட்டு வந்தா சேர்க்க மாட்டோம்மா. அவரா வரணும். வெள்ளிக்கிழமை ஒரு இடம் காலியாகுது. சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்பேன்."

கெஞ்சிக் கூத்தாடி அவரைத் தன் வண்டியிலேயே ஏற்றினாள். "உனக்காகத்தான் வர்றேன்" என்று முனகிக்கொண்டு கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். பணியாளர் குடும்பப் பாஸ் இருந்ததால் டிக்கெட் இல்லை.

பாதி வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தம். கிளம்பும்போது வழக்கம்போல டிக்கெட்டுகளையும் தலைகளையும் ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. விசில் ஊதினாள். பாஸ்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்பது வண்டி வெகுதூரம் ஓடி, நின்றிருந்த கூட்டம் இறங்கி, கடைசி இருக்கை கண்ணில் பட்டபோதுதான் உறைத்தது. சாப்பிட்ட இடத்துக்கு எதிரே மதுக்கடை. போனை அவர் எப்போதோ விற்றுக் குடித்திருந்தார். வண்டி நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு திருப்பச் சொல்ல முடியுமா? மாநிலமெல்லாம் அலைந்து இடம் பிடித்தவள் ஆளைக் கோட்டைவிட்டாள்.

வண்டி நின்றதும் அந்த இல்லத்துக்கு ஓடினாள். சொல்ல வாய் வராமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இறங்கி, பொறுப்பாளர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் கேட் திறந்தது.

அவர்தான். கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, வாடை இல்லை.

"கடை வாசல்ல நின்னுட்டிருந்தேன். உன் விசில் கேட்டுச்சு. திரும்பினா வண்டி போயிட்டிருக்கு. கடைசியில நீயும் என்னை விட்டுட்டேன்னு நெனச்சேன். கையில இருந்த காசு ஒண்ணு பாட்டிலுக்கு, இல்ல டிக்கெட்டுக்கு. அடுத்த வண்டியில ஏறிட்டேன்."

தவறிப்போய் விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள்.

அதற்குள் பொறுப்பாளர் அம்மா கேட்டார். "யாருங்க உங்களைக் கூட்டிட்டு வந்தது?"

"யாரும் கூட்டிட்டு வரல. நானா வந்தேன்."

பொறுப்பாளர் அம்மா கண்டக்டரம்மா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க" என்றாள். "நான் பாதி வழியிலயே விட்டுட்டு வந்துட்டேன்." அதற்கு மேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.