அந்நிய பாஷைக்கு ஒரு மொழிபெயர்ப்பு

கனடாவில், ஸ்காபரோ ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் டொக்டருக்கும் இடையே மொழிபெயர்க்கிற தமிழ் இன்ரர்பிரெட்டராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவ சொல்லுறா’ என்று தொடங்கவே கூடாது. பழகிவிட்டால், நோயாளி பேச்சை நிறுத்தியதும் நம் வாய் தானாகத் திறக்கும்.

ஒருமுறை ஒரு தமிழ் அன்ரிக்கு அவசர ஒபரேஷன். செய்யாவிட்டால் உயிர் தங்காது. சம்மதமா என்று டொக்டர் கேட்டதைத் தமிழில் கேட்டேன். அன்ரி கண்ணை மூடி, எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் பேசத் தொடங்கினார்.

மனம் குழம்பியிருந்தால் கூட நிற்கும் கணவர் கையெழுத்துப் போடலாம், தெளிவாக இருந்தால் அன்ரிதான் சொல்ல வேண்டும் என்றார் டொக்டர்.

"உது பிதற்றல், அத்தான். சைன் வையுங்கோ" என்றார் அன்ரியின் தம்பி. கணவரும் தம்பியும் பெந்தெகொஸ்தேக்காரர், வேறு வேறு சபை; ஆவி இறங்கித் தெரியாத மொழியில் பேசுவதை அவர்கள் ‘அந்நிய பாஷை’ என்பார்கள்.

"ஆவியானவரின்ரை பேச்சைப் பிதற்றல் எண்டு எழுதிக் குடுக்கவோ?" என்றார் கணவர்.

"ஆவி தந்த பாஷையெண்டால் ஏதாவது நாட்டிலை பேசிற பாஷையா இருக்கோணும். அதை நம்பித்தானே ஆரம்பத்திலை எங்கடை ஊழியக்காரர் மொழி படியாமல் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறினவை?"

"ஏறிப் போய், ஒருத்தருக்கும் விளங்காமல் திரும்பி வந்தவை. இது தேவனோடை கதைக்கிறது தம்பி. மனுசருக்கு விளங்கத் தேவையில்லை."

நான் கத்தோலிக்கப் பெண். ஆள் சாகக் கிடக்கும்போது என்ன வேதப்பாடம் என்று எரிச்சல் வந்தது.

அன்ரி நிறுத்தினார். என் வாய் திறந்தது.

"என்னை வெட்ட வேண்டாம். கால்மாட்டில் நிற்கிறவரோடு போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டொக்டர் கால்மாட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அந்த மொழி எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. "மன்னிக்கவும், இன்ரர்பிரெட்டரின் பிழை" என்றேன், அதுவும் ஆங்கிலத்தில்.

ஒரு சொல்கூட ஆங்கிலம் தெரியாத அன்ரி கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார். "ஏன் பிள்ளை பிழை எண்டு சொல்லுறீர்? நான் சொன்னதைத்தானே சொன்னனீர்."

டொக்டர் மறுபடி கேட்கச் சொன்னார். அன்ரி நல்ல தமிழில், தெளிவாக, வேண்டாம் என்றார். கணவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு விம்மி அழுதார்.

லிஃப்ட் வரை தம்பி பின்னால் வந்தார். "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அது எந்த நாட்டுப் பாஷை?"

"தெரியாது, தம்பி."

"ஆனா உங்களுக்கு விளங்கினது?"

"ஓம்" என்றேன்.

விளங்காவிட்டால் உடனே சொல்லுங்கள், பிள்ளைகளே; அது சுலபம். விளங்கிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.