நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, டீச்சர்

சட்டைத் துணி வாங்கலாம் என்று பதுளைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். ஹனீபா சேரின் தம்பி நடத்தும் கடையில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. என்னைக் கண்டதும் தம்பி எழுந்து வந்தார். “ஒங்க ஹனீபா சேர், எங்க நானா, மவுத்தாகிட்டார், டீச்சர். நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கியாச்சு. ஒங்களுக்கு யார் மூலமா சொல்லி அனுப்புறதுன்னு தெரியல்ல” என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினைந்து வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். துணி வாங்காமலே திரும்பினேன்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். எங்கள் ஆசிரியர் கலாசாலையில் அவருக்கு முதல் எதிரி நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்குப் போகப்போகிற ஆசிரியர்களை அங்கே பயிற்றுவித்தோம். நாங்கள் வாசிப்போம், அவர்கள் எழுதுவார்கள், பரீட்சையில் அதையே திருப்பித் தருவார்கள். ஹனீபா சேர் ஒரு திங்கட்கிழமை கொப்பிகளை மூடச் சொன்னார். ஆறாறு பேராக மேசைகளைச் சுற்றி உட்கார வைத்து, கரும்பலகையில் ஒரே ஒரு பிரச்சினையை எழுதினார்: ‘ஒரு தோட்டப் பள்ளியில் காலையில் வகுப்பு நிறையப் பிள்ளைகள். மத்தியானம் பாதிப் பேர் இல்லை. ஏன்? நீங்கள் என்ன செய்வீர்கள்?’ எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு ஒரே சந்தை இரைச்சல். நேரே அதிபரிடம் போனேன். “படிப்பிக்கச் சொன்னா இவரு ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு” என்றேன்.

அதிபர் பயந்த சுபாவம். கல்வி அதிகாரி ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அவருக்குப் பிடிக்காவிட்டால் அந்த முறைக்கு முற்றுப்புள்ளி, ஹனீபா சேருக்குத் தூர இடத்துக்கு மாற்றம். அவருடைய மனைவி அப்போது படுத்த படுக்கை. அது தெரிந்தும்தான் போய்ச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்க மாட்டேன்.

சொன்னது நான்தான் என்று அவரிடமே சொல்லியும் விட்டேன். அதற்கு அவர் செய்ததைக் கேளுங்கள். மறுநாளே என்னிடம் வந்து, “ஒரு குழு மட்டும் ஓடுதில்ல. வந்து பாருங்க, டீச்சர். ஒங்களுக்குத்தான் குறை கண்ணுல படும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். குழுத் தலைவன் பரமசிவம், ஒரு பெரிய கங்காணியின் மகன். அவன் எதிரில் லெட்சுமி, அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பெண். அவன் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டவுன்ல பொறந்த ஒங்களுக்கு இது வெளங்காது, சேர். நீங்க போட்டது குழு இல்ல, பெரட்டு. விடியக்காலையில கங்காணி பேரு கூப்பிட்டு வேலைக்குப் பிரிச்சு விடுறப்ப எந்த லயத்துக்காரியாவது வாயத் தொறப்பாளா?” தலைவனை அவர்களே தெரிவு செய்யட்டும் என்று விட்டிருந்தார். கங்காணி மகன் இருக்கும்போது வேறு யாரைத் தெரிவு செய்வார்கள்? ஹனீபா சேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “யா அல்லாஹ், என்ட பிழைதான்.” அன்றே விதியை மாற்றினார்: தலைவன் எழுதுவான், மற்ற ஐந்து பேரும் பேசி முடிக்கும்வரை அவன் பேசக் கூடாது.

அதிகாரி வந்தார். வந்தவர் அந்தக் குழுவின் பக்கத்திலேயே வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிபர் கதவடியில் நின்றார், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு பேர் பேசினார்கள். தாய் தகப்பனுக்குப் பொறுப்பில்லை, பசி, தூரம் என்று வழக்கமான பதில்கள். அடுத்தது லெட்சுமி. அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிபர் கைக்குட்டையை எடுத்தார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை மகளாக வளர்ந்த எனக்கு, பிள்ளைகள் எங்கே போகின்றன என்று தெரியும். பொறுக்க முடியாமல் எழுந்தேன். “நான் சொல்றேன், சேர்...”

ஜன்னலடியிலிருந்து குரல் வந்தது. “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, டீச்சர். ஒங்களுக்குப் பதில் தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்.”

முகம் எரிய உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் போனதோ, லெட்சுமி வாயைத் திறந்தாள்.

“கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவ மத்தியானம் பூட்டிடுவாங்க, சேர். அம்மா மலையில கொழுந்து எடுக்கும். கைப்பிள்ளையப் பாத்துக்க அக்காக்காரிதான் பள்ளிக்கூடத்த விட்டு ஓடணும். நானும் ஓடியிருக்கேன்.”

“ஏம்மா பூட்டுறாங்க?” என்றார் அதிகாரி.

அவள் சேலை முந்தானையை விரலில் இறுக்கிச் சுற்றினாள். அவளுடைய தாய் தகப்பன் அன்றாட வேலைக்குப் பேர் வாங்குவது பரமசிவத்தின் அப்பாவிடம். இவள் சொன்னால் நாளைக்கு அங்கே என்ன நடக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் ஹனீபா சேருக்கும் அது உறைத்தது. முகம் வெளிறிப்போய், “போதும்” என்று சொல்ல மேசையை நோக்கி வந்தார்.

அதற்குள் பரமசிவம் பேனாவைக் கீழே வைத்தான்.

“அஞ்சு பேரும் பேசிட்டாங்க, சேர். நான் பேசலாமா? பிள்ளைக் காம்பரா ஆயாவ மத்தியானத்துல எங்கப்பாதான் வீட்டுக்குச் சமைக்கக் கூப்பிட்டுக்குவாரு. அந்தச் சோத்தத்தான் நான் தின்னு வளந்தேன்.”

அதிகாரி ஒன்றும் எழுதவில்லை. குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, “பாடத்திட்டத்தையும் முடிக்கச் சொல்லுங்க” என்று அதிபரிடம் சொல்லிப் புறப்பட்டார். இடமாற்றம் வரவில்லை. ஆசிரியர் அறையில் ஹனீபா சேர் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். “அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தா, டீச்சர்?” என்றார். அதன் பிறகு எந்தப் பிரச்சினையை வகுப்புக்குக் கொண்டுபோவதானாலும் முதலில் என்னிடம் காட்டுவார். “இதுல யாரு வாய் தொறந்தா யாருக்கு அடி விழும்?” என்று கேட்பார். அடுத்த தவணையில் நானும் மேசைகளை நகர்த்தினேன். பார்த்துச் சிரித்தார்.

அதிபரிடம் போனதற்கு நான் மன்னிப்புக் கேட்டதேயில்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், பாவி.

செய்தி கேட்ட மறுநாள் காலை வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் ஒரு பிரச்சினையை எழுதினேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. ஜன்னலோரம் போய் நின்றேன். சும்மா இருந்தேன், சேர். அவள் பேசும்வரைக்கும் இருந்தேன்.