செருப்பு வரிசையில் வைத்த கால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அக்காவின் உடம்பைப் பற்றிய விஷயம். போன தைப்பூசத்தன்று அவளே, "எழுதுடா, நடந்தத நடந்தபடியே எழுது" என்ற பிறகுதான் அம்மனை நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

அக்காவுக்கு முழங்கால் எலும்பில் புற்றுநோய். அவள் கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் என்னைப் பசறையில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத்தான் லயத்து வீட்டுக்குத் திரும்பினேன். நீளப் பாவாடையும் பாதத்தை மூடும் சப்பாத்தும் போட்டு, லேசாகச் சாய்ந்து அக்கா நடந்துவந்தாள். "கட்டிய வெட்டி எடுத்துட்டாங்க, அவ்வளவுதான்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். இந்தப் பிள்ளையை இனி நாலு பேர் எப்படிப் பார்ப்பார்களோ என்று அவருக்குப் பயம். நான் அவர் சொன்னதை நம்பினேன்.

கோயில் வாசலில் பூசாரி மாமா அக்காவை மறித்தார்.

"சப்பாத்தக் கழட்டிட்டு வா பாப்பா."

"கழட்டினா காலும் சேந்து வரும் மாமா."

"சாமி வாசல்ல என்ன வெளாட்டு? கழட்டு!"

அப்பா வாயெடுப்பதற்குள் அக்கா படியில் உட்கார்ந்து பாவாடையை ஒதுக்கிப் பட்டியை அவிழ்த்தாள். சப்பாத்தோடு ஒரு பொய்க்கால் மொத்தமும் கழன்று வந்தது. முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் அவளுடைய சொந்தப் பாதம் இருந்தது. குதிகால் முன்னால், விரல்கள் பின்னால். அந்த விரல்கள் அசைந்தன.

மேளம் நின்றுபோனது.

"ஐயையோ, டொக்டர்மாரு பாதத்தத் திருப்பி வச்சுத் தச்சுட்டாங்களே!" என்று பக்கத்து லயத்துப் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்படித்தான் வைக்கணும் பெரியம்மா" என்றாள் அக்கா. கழற்றிய காலைச் செருப்பு வரிசையில் நிறுத்தினாள். "டேய், பாத்துக்க. யாராச்சும் மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிடப் போறாங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக் குதித்துக் குதித்து உள்ளே போனாள். பூசாரி மாமா அவளுக்குத் திருநீறு கொடுத்ததை வாசலிலிருந்தே பார்த்தேன்.

அந்தக் காலுக்குக் காவல் நின்றபடி, "தாயே, அக்கா பாதத்த நேராத் திருப்பிடு" என்று அழுது வேண்டினேன். நல்லவேளை, சின்னப் பிள்ளை கேட்டதையெல்லாம் அம்மன் கொடுத்துவிடுவதில்லை. நோய் பிடித்த முழங்காலை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சக் காலைப் பின்பக்கமாகத் திருப்பித் தொடையோடு பொருத்தியிருந்தார்கள்; திருப்பி வைத்த அந்தக் கணுக்கால்தான் பொய்க்காலுக்குள் அக்காவுக்கு முழங்காலாக மடங்குகிறது. அது நேராகியிருந்தால், இன்று அவள் லயத்துப் படி இறங்கி, பஸ் ஏறி, ஹாலிஎல தையல் கடைக்கு வேலைக்குப் போவது ஏது? அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அம்மன் காலை நேராக்கிவிட்டாள் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அக்காவின் பாதம் இன்றைக்கும் பின்பக்கம்தான் பார்க்கிறது.