பாலத்தில் மூச்சு வாங்கிய கார்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதிலும் நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. நாற்பத்தெட்டு வயதில் கார் கற்றுக்கொண்டவள் நான். லைசென்ஸ் வாங்கிய புதிதில் என் பக்கத்தில் பயப்படாமல் ஏறி உட்கார்ந்த முதல் ஆள் என் தங்கை மகள். காலேஜில் சேர அவளை அழைத்துப் போனது நான்தான். அன்றே சொல்லிவிட்டாள், "பெரியம்மா, என் கல்யாணத்துக்கும் நீங்கதான் கோயிலுக்கு ஓட்டிக்கினு போவணும்."

இதோ, அந்தக் கல்யாணம் வந்துவிட்டது. பாகூரில் தங்கை வீடு, டவுனில் மாதா கோயில். நடுவில் அரியாங்குப்பம் பாலம். எங்கள் பழைய கார் அந்தப் பாலத்தில்தான் மக்கர் செய்தது.

எங்கள் வீடு இருக்கும் மூலக்குளத்தில் கிளம்பும்போது சமர்த்தாக வரும். பாலத்தில் ஏறும்போது மிதித்தாலும் இழுக்காது. பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் ஹாரனில் என்னைத் திட்டுவார்கள். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

"வண்டியில ஒண்ணும் இல்ல. உன் காலுலதான் கோளாறு" என்றார் வீட்டுக்காரர். அப்போது அவர் சமையலறைக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தார். போன மழையிலிருந்து அவருக்கு அதே வேலை. சாம்பல் நிறத்தில் ஒரு பசை, பிசைந்து அப்பினால் கல்லாக இறுகிவிடும். எங்கே ஓட்டை கண்டாலும் அதை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார்.

தட்டாஞ்சாவடி மெக்கானிக்கிடம் மூன்று முறை போனேன். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடை இருக்கும் தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எக்கா, நான் ஓட்டுனா நல்லாத்தானே போவுது" என்றார். அந்த 'நான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தேன். அழுகையாக வந்தது.

வாடகைக் கார் சொல்லட்டுமா என்று தங்கை கேட்டபோது கல்யாணத்துக்கு மூன்றே நாள்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடு மெக்கானிக் கடைக்குப் போய், "ஏறுப்பா வண்டியில. பாலத்துக்கு வந்து பாரு" என்றேன். வந்தார். நானும் ஓட்டினேன். பாலத்தில் ஏறினோம், வண்டி துவண்டது. சந்தோஷத்தில் கை தட்டாத குறை!

அவர் பானெட்டைத் திறந்து வைத்துத் தலையைச் சொறிந்தார். நான் வெயிலில் நின்று யோசித்தேன். கடைக்கு வரும்போது மட்டும் இது ஏன் ஒழுங்காக இருக்கிறது? கடைக்குக் காலி டேங்கோடு போகக்கூடாது என்று எப்போதும் வழியில் பெட்ரோல் போடுவேன். இன்றைக்குத்தான் கோபத்தில் அதை மறந்திருந்தேன். பங்க்கில் சாவியைக் கொடுத்துவிட்டு நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். அங்கே அவர்கள் செய்வது என்ன? பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கிறார்கள்.

பின்பக்கம் போய்ச் சாவியைப் போட்டுத் திருகினேன். 'புஸ்ஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டது டேங்க்.

"எக்கா, ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று கத்தினார் மெக்கானிக். மிதித்தேன். உறுமியது.

மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதுல காத்து போவ ஒரு ஓட்ட இருக்கணும். பெட்ரோல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும். இல்லன்னா பெட்ரோலு இஞ்சினுக்கு ஏறாது. இத யாரு அடைச்சது?"

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பசை. அதன் மேல் அழகாக ஒரு கட்டைவிரல் ரேகை.

பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். மெக்கானிக் பயந்துவிட்டார், பாவம்.

வீட்டுக்கு வந்து மூடியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மழைத்தண்ணி உள்ள போவுமேன்னு..." என்று இழுத்தார். மறுநாள் புது மூடி அவரே வாங்கி வந்தார்.

கல்யாணத்தன்று பாகூரிலிருந்து கிளம்பினோம். பின்சீட் முழுக்க வெள்ளை கவுனும் முக்காடுமாகப் பெண். முன்சீட்டில் இவர். பாலம் தெரிந்ததும் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார். நான் மிதித்தேன். கார் ஒரே மூச்சில் ஏறியது.

"பெரியப்பா, ஏன் பேசாம வர்றீங்க?" என்றாள் பெண்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "உங்க பெரியம்மா காலு நல்ல காலு" என்று முணுமுணுத்தார்.

"அத சத்தமா சொல்லுங்க, பின்னால கேக்கல" என்றேன்.

கண்ணாடியை இறக்கி, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தால் பாலம் எப்போதோ முடிந்திருந்தது.