இரண்டு கதவுக் கார்

எங்கள் வீட்டில் ஒரு கார் வெளியே கிளம்பினால் நிரம்பித்தான் கிளம்பும். நான் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றால், என் மாமியாருக்கு அதே தெருவில் தையல்காரரிடம் வேலை இருக்கும். நாத்தனாருக்குச் சும்மா காற்றாட வர வேண்டியிருக்கும். அவளுடைய பிள்ளைகள் அதற்கு முன்பே பின் சீட்டில் ஏறி ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். விருதுநகரிலிருந்து கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்த பிறகு நானும் என் கணவரும் மட்டும் ஒரு காரில் போனதாக எனக்கு நினைவே இல்லை. கல்யாணக் காரில்கூட முன் சீட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

அதனால் மதுரையில் ஒரு சிக்னலில் அந்தக் காரைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆசைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. கருநீலம், தரையோடு ஒட்டிய உடம்பு, சரிந்து இறங்கும் கூரை. மொத்தமே இரண்டு கதவுகள். பின்னால் சீட்டு என்று பெயருக்கு ஒன்று இருந்தது. கைப்பையும் சாப்பாட்டுக் கூடையும் வைக்கலாம், பெரிய மனுஷர் யாரும் உட்கார முடியாது. இந்த மாதிரி வண்டிக்குக் கூப்பே என்று பெயர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இதில் மூன்றாவது ஆள் ஏற முடியாது என்பதுதான். அப்பாவின் பருப்பு மண்டி வேனில் கார் ஓட்டக் கற்றவள் நான். டிரைவரும் வேண்டாம்.

கணவரிடம் சொன்னேன். அவர் மிகவும் நல்லவர், வேறு யாரும் பக்கத்தில் இல்லாதபோது. "எடுத்துருவோம்" என்று உடனே சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேஜையில் விஷயம் வந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு அங்கே கார் வேண்டுமா வேண்டாமா என்று போகவில்லை. பணம் இருக்கிற வீடு, போன வருஷப் பட்டாசு சீசனும் மோசமில்லை. வாங்குவதா, லீசுக்கு எடுப்பதா என்பதில்தான் வந்து நின்றது. மாமா, அதாவது என் மாமனார், வாங்கலாம் என்றார். வாங்கினால் அது வீட்டுக் கார். வீட்டுக் கார் என்றால் சாவி அவர் அறையில் ஆணியில் தொங்கும், யார் எப்போது எங்கே போவது என்பதை அவர் சொல்வார். எனக்கு இது அனுபவத்தில் தெரியும். லீசுக்கு எடுத்தால் ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறதோ அவர் வண்டி. மாதாமாதம் கட்டிக்கொண்டே வந்து, மூன்று வருஷம் முடிந்ததும் சாவியை நீட்டிவிட்டுப் போய்விடலாம். இந்தக் கடைசி விஷயம்தான் என்னை மயக்கியது. என் வாழ்க்கையில் வந்த எதையும் நான் திருப்பிக் கொடுக்க முடிந்ததில்லை.

"வாடகைக் காரா?" என்றார் மாமா. "ஊரு என்னம்மா சொல்லும்? கம்பெனி படுத்துருச்சுன்னுல்ல பேசுவான்."

"வாடகை இல்ல மாமா, லீசு."

"எல்லாம் ஒண்ணுதான். அந்த வண்டி நம்ம தெரு வேகத்தடையில அடி தட்டாம ஏறுமா, அதச் சொல்லு மொதல்ல."

ஏறாதுதான். நான் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

இரண்டு நாள் கழித்து மாமாவே என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. ஆடிட்டரிடம் பேசிவிட்டாராம். லீசுதான் நல்லது என்று ஆடிட்டரே சொல்லிவிட்டாராம். "உன் இஷ்டப்படியே எடுத்துக்கம்மா. ஆனா லீசு குடுக்கிறவன் உன் பேர்ல என்ன கம்பெனி இருக்குன்னு கேப்பான்ல? அதனால அத்தை பேர்ல இருக்கிற யூனிட்ட உன் பேருக்கு மாத்திருவோம். அவளுக்கும் வயசாகுது."

எங்கள் வீட்டு ஏற்பாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். பிரஸ்ஸும் காலண்டர் வியாபாரமும் மாமா பேரில் இருக்கின்றன. பேப்பர் ஏஜென்சி என் கணவர் பேரில். அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டாசு யூனிட் மட்டும் அத்தை பேரில், அதாவது என் மாமியார் பேரில். வெடிக்காதது எல்லாம் ஆம்பளைகள் பேரில், வெடிப்பது பொம்பளை பேரில். யூனிட்டை நடத்துவது என்னவோ மாமாதான். ஆர்டர் எடுப்பது, வெடிமருந்து வாங்குவது, கூலி போடுவது எல்லாம் அவர். அத்தை கையெழுத்துப் போடுவார். ஆனால் ஆலையில் ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் போலீஸ் முதலில் தேடுவது போர்மேனையும் லைசென்ஸில் பெயர் இருக்கிற ஆளையும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

கணவரிடம் கேட்டேன். "சும்மா பேருக்குத்தானப்பா" என்றார். "அப்ப உங்க பேருக்கு மாத்துங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் செய்தது தராசு பிடிக்கிற வேலைதான். கார் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டு இப்போது வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். உங்கள் ஆலைக்காக ஜெயிலுக்குப் போக எனக்குப் பயம் என்று மேஜையில் வைத்து எப்படிச் சொல்வது? அத்தை அதே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷமாக அந்தப் பெயரைச் சுமந்தவர். என் ஆசையை நானே வெளியே சொல்லி மாட்டிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் மாமாவுக்கு என் நினைப்பே வந்திருக்காது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மதுரையில் ஷோரூமுக்கு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் கணவரும் கிளம்பினோம். அத்தையும் கிளம்பினார்.

"அதுல பின்னால உக்கார எடமில்ல அத்தை."

"எனக்கு எம்புட்டு எடம் வேணும்? நான் ஒடுங்கி உக்காந்துக்கிடுறேன்."

ஷோரூமில் என் கணவரைச் சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். கார் ஓட்டுகிறவர் மேடம்தான் என்றதும் அவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம். பிறகு விற்பனைக்காரர் எனக்குப் பக்கத்துச் சீட்டை மடக்கிப் பிடிக்க, அத்தை பட்டுச் சேலையோடு தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, மற்றக் காலை எடுக்க முடியாமல் நின்று, ஒருவழியாகப் பின்னால் போய் விழுந்தார். மூட்டு இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ரிங் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். அந்த வண்டி காலால் தொடுவதற்குள் கிளம்பியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சத்தமாகவே சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் விற்பனைக்காரர் இறங்கி, சீட்டை மடக்க வந்தார். அத்தை கையைக் காட்டித் தடுத்தார். "செத்த நேரம் இருங்க தம்பி, கதவச் சாத்துங்க. நாங்க பேசிட்டு வாரோம்."

கதவு சாத்தியதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. கண்ணாடியில் அத்தையின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யூனிட்ட உன் பேருக்கு மாத்துறதப் பத்தி நீ யோசிக்கிற, இல்லையா?"

ஆமாம் என்றேன்.

"யோசிக்கத்தான் செய்யணும். நான் யோசிக்காமப் போட்டேன். எங்க போடச் சொன்னாகளோ அங்க போட்டேன்." சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "நீ வாரதுக்கு முன்னால ஒரு தடவ தீப்பிடிச்சுச்சு. தெரியும்ல உனக்கு?"

தெரியும். வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் தெரியும்.

"போனு வந்துச்சு. ஒடனே என்னையக் கார்ல ஏத்தி, கம்பத்துல ஒரு சொந்தக்காரக வீட்டுக்கு அனுப்பிட்டாக. ஜாமீன் கெடைக்கிற வரைக்கும் வெளிய தலை காட்டக் கூடாதுன்னுட்டாக. இங்கன உங்க மாமா செத்தவுக வீட்டுக்கெல்லாம் போயி, பணம் குடுத்து, அழுதுட்டு வந்தாரு. நான் போகல. அவுக யாரு, என்ன, எத்தன பிள்ளைக, ஒண்ணும் எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்த பொம்பளப் பிள்ளைக. எம் பேர்ல செத்தாக. மொகத்தக்கூட நான் பாத்ததில்ல."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"அதுக்கப்புறம் வீட்ல தனியா இருக்க முடியல. போனு அடிச்சா எந்திரிச்சு வாசலுக்கு ஓடுறேன். அதான் யாரு எங்க கெளம்புனாலும் ஏறிக்கிடுறேன். நீ என்னையத் திட்டுவ, தெரியும். ஒனக்கு அவன்கூடத் தனியாப் போகணும்னு இருக்கும்." பிறகு நேராகக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நான் நல்லவளா இருந்தா, கையெழுத்துப் போடாதம்மான்னு ஒன்கிட்டச் சொல்லணும். சொல்ல வாய் வரல. எனக்குப் போதும் தாயி. நீ வாங்கிக்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன் தலையிலிருந்து இறக்கி என் தலையில் வைக்கிறாரே என்று. கெஞ்சுகிறவர்மேல் கோபப்படுவது கஷ்டமான வேலை. அதுவும் இறங்க முடியாமல் பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவர்மேல். நான் போடவில்லை என்றால் இவர் பெயர் அங்கேயே இருக்கும். நான் போட்டால் என் பெயர் இருக்கும். யாருடைய பெயரும் இல்லாமல் இருக்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. மாமாவின் பெயரை எழுதலாமே என்று அந்தக் காருக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

இறங்கும்போது அத்தையை இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. என் கணவர் காபிக் கோப்பையோடு வந்து, "என்னம்மா, சிக்கிக்கிட்டீகளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆடிட்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். மாமா எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அதற்கப்புறம் நடக்க வேண்டிய பெயர் மாற்றமெல்லாம் மாமா ஆள் வைத்து முடித்தார். லீசும் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை. லீசு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் லீசு கம்பெனி பெயர்தான் இருக்கும். நான் ஆசைப்பட்ட கார் வேறு யாரோ பேரில் இருக்கிறது, நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத பட்டாசு ஆலை என் பேரில் இருக்கிறது.

பார்த்துவிட வேண்டும் என்று நின்றேன். "நீ எதுக்கு அங்கன?" என்றார் மாமா. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப் போனார். போர்மேன் மட்டும் வந்திருந்தார். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் எதிரும் புதிருமாகக் கதவுகள். எதற்கு என்று கேட்டேன். ஓடுறதுக்கு என்றார் போர்மேன். ஓர் அறை வாசலில் யாரோ விட்டுப்போன செருப்பு ஒன்று கிடந்தது. வார் அறுந்து, சேப்டி பின் குத்திய செருப்பு. யாருடையது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. வேலை நாளில் வருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார். இன்னும் முடியவில்லை.

அத்தை இப்போது நன்றாகத் தூங்குகிறார். கார்கள் கிளம்பும்போது வருவதில்லை. மத்தியானம் டி.வி. பார்த்துக்கொண்டே சோபாவில் சாய்ந்துவிடுகிறார், பக்கத்தில் போன் அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

ஆலையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வண்டி கைக்கு வந்தது. மறுநாளே நானும் கணவரும் கிளம்பினோம். நாங்கள் இருவர் மட்டும். தெரு வேகத்தடையில் மாமா சொன்ன மாதிரியே அடி தட்டியது. சாத்தூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் ஏறியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏதோ பாட்டைத் தேடினார். திருநெல்வேலி வரைக்கும் போய் அல்வா சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். நான் சரி என்றேன். எத்தனையோ நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பயணம் அது.

அப்போது என் போன் அடித்தது. போனை வண்டியோடு இணைத்திருந்ததால் மணிச் சத்தம் நாலா பக்கத்திலிருந்தும் வந்தது. முன்னால் இருந்த திரையில் பெரிய எழுத்தில் போர்மேன் என்று தெரிந்தது. அவர் இதுவரை என்னைக் கூப்பிட்டதே இல்லை. என் கால் தானாகப் பிரேக்கில் ஏறியது. வண்டி உலுக்கிக்கொண்டு ஓரத்தில் போய் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டே போனார். பொட்டல் காடும், அந்த அறைகளும், யாருடையது என்று தெரியாத அந்தச் செருப்பும் கண்ணுக்குள் வந்துவிட்டன. பட்டனை என் கணவர்தான் அமுக்கினார்.

"அம்மா, போர்மேன் பேசுறேன். அய்யா போன எடுக்கல, அதான் உங்களுக்குப் போட்டேன். லோடு ஏத்திட்டோம்மா. லாரி கெளம்பிருச்சு."

என் கணவர்தான் சரி என்று சொல்லி வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லோடு போயிருச்சுன்னு சொல்றாரு. இதுக்கா இப்படிப் பிரேக்கப் போட்ட?"

"அடுத்த தடவ அந்தப் போனு உங்களுக்கு வரட்டும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு எதுக்கு வரப்போகுது?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.